மேசையும் கிடாவும்: முதலாண்டு மெய்யியலை ரஸ்ஸலோடு படிப்பது

1

தமிழில் ‘தத்துவம்’ என்ற சொல்லுக்கு நேரம் சரியில்லை. யாராவது கொஞ்சம் நீட்டிப் பேசினால் “தத்துவம் பேசாத” என்கிறோம். காதலில் தோற்ற கதாநாயகன் ஆற்றங்கரையோரம் பாடிக்கொண்டே நடந்தால் அது தத்துவப் பாடல். காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் சூரியோதயப் படத்தோடு வந்து விழுவதும் தத்துவம்தான். இந்த மூன்று இடத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒரே வேலை, பேச்சை முடித்துவைப்பது. ‘இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார்’ என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வது.

கல்லூரியில் ‘மெய்யியல் அறிமுகம்’ என்று ஒரு தாளை எடுக்கிற பிள்ளை இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறது. உள்ளே அதற்குக் கிடைப்பது வேறொரு சரக்கு, பெயர்ப்பட்டியல். எல்லாம் நீர் என்றார் தேல்ஸ். எல்லாம் மாறுகிறது என்றார் ஹெராக்ளிட்டஸ். எதுவுமே மாறவில்லை என்றார் பார்மனிடீஸ். அப்புறம் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஒரு பெரிய தாவு தாவினால் டெகார்த், லாக், பெர்க்லி, ஹ்யூம், கடைசியில் மூச்சிரைக்க கான்ட். நானும் அப்படியொரு தாளை எழுதித் தேறியவன். “பெர்க்லியின் கருத்துமுதல்வாதத்தை விளக்கி மதிப்பிடுக” என்று கேள்வி வரும். அதற்கான கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்றரைப் பக்கம் விளக்கம், அரைப் பக்கம் குறைபாடுகள். குறைபாடுகளுக்கு எண் போட வேண்டும். எண் போட்டால்தான் திருத்துகிறவர் கண்ணில் படும்.

விளைவு என்னவென்றால், பதினெட்டு வயதில், ஒரே செமஸ்டரில், மேற்கின் பெரிய மூளைகள் அத்தனையையும் நாங்கள் தோற்கடித்திருந்தோம். அத்தனை பேரையும் தோற்கடித்த பிறகும் அவர்களில் ஒருவர்கூட எங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கவில்லை. உலகமே மனதுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு மனிதர் சொன்னதைப் படித்துவிட்டு, அதன் மூன்று குறைபாடுகளையும் மனப்பாடம் செய்துவிட்டு, கேன்டீனில் போய் வடை சாப்பிட முடிந்தது. வடை இருக்கிறதா என்று ஒரு நொடிகூட யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மெய்யியல் அறிமுகம் என்று வருகிற எந்தப் புத்தகத்தையும் நான் அளப்பது இந்த ஒரு கோலால்தான். அது என்னை மாட்டவைக்கிறதா? ஒரு கருத்தை மறுக்கக் கற்பதற்கு முன்னால் அந்தக் கருத்திடம் ஒருமுறையாவது சிக்கிக்கொள்ள வேண்டும். ‘அட, இது உண்மையாக இருந்துவிட்டால்?’ என்று வயிற்றில் ஒரு சின்னக் கலக்கம் வர வேண்டும். அந்தக் கலக்கம் வராமல் எழுதப்படும் குறைபாடுகள், போகாத ஊருக்குச் சொன்ன வழி மாதிரி. இந்தக் கோலோடு, உலகம் முழுவதும் முதலாண்டு மாணவர்களிடம் அதிகம் நீட்டப்பட்ட புத்தகங்களில் ஒன்றான பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் ‘மெய்யியலின் சிக்கல்கள்’ நூலைப் படித்துப் பார்க்கலாம்.

2

1912இல் ‘ஹோம் யுனிவர்சிட்டி லைப்ரரி’ என்ற மலிவுவிலை வரிசையில் வந்த புத்தகம் இது. கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் வாங்கிப் படிக்கட்டும் என்று ஒரு ஷில்லிங் விலையில் போட்ட வரிசை. மூன்று தடித்த பாகங்களில் கணிதத்தின் அடித்தளத்தையே தர்க்கத்தின்மேல் தூக்கி நிறுத்த ஒயிட்ஹெட்டோடு சேர்ந்து பாடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் ரஸ்ஸல் இதை எழுதினார். சில்லறைக் காசுக்கு விற்கும் திகில் கதைப் புத்தகத்துக்குச் சொல்கிற பெயரை வைத்து இதைத் தானே கேலி செய்துகொண்டார். அந்தக் கேலியில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல திகில் கதை மாதிரியே இது மிகச் சாதாரணமான ஒரு அறையில் தொடங்குகிறது.

அறையில் ஒரு மேசை. நீள்சதுரமாக, பழுப்பாக, பளபளப்பாக இருக்கிறது. தொட்டால் வழவழப்பு, குளிர்ச்சி, கெட்டி. தட்டினால் மரச் சத்தம். இதில் யாருக்கு என்ன தகராறு? ரஸ்ஸல் மெதுவாக ஆரம்பிக்கிறார். வெளிச்சம் படுகிற இடத்தில் பழுப்பு வெள்ளையாகத் தெரிகிறதே, மேசையின் நிறம் எது? நீங்கள் நகர்ந்தால் அந்த வெள்ளைத் திட்டும் நகர்கிறது. இருட்டில் நிறமே இல்லை. சரி, நிறத்தை விடுங்கள், வடிவம்? நிற்கிற இடத்துக்குத் தகுந்தபடி அதுவும் மாறுகிறது. நாம் பார்ப்பது ஒருபோதும் சரியான செவ்வகம் இல்லை. பழக்கத்தினால் மனம் அதைச் செவ்வகமாக்கிக்கொள்கிறது. வழவழப்பு? உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள், மேடும் பள்ளமும் தெரியும். இன்னும் பெரிதாக்கினால் இன்னும் வேறு. இதில் எது அசல் மேசை?

இரண்டு மூன்று பக்கம் போவதற்குள் ஒரு விஷயம் உறைக்கிறது. நாம் நேரடியாக அறிவது மேசையை இல்லை. நிறம், வடிவம், சத்தம், தொடு உணர்ச்சி என்கிற புலன் தரவுகளை மட்டும்தான். மேசை என்பது அவற்றிலிருந்து நாம் செய்துகொள்ளும் ஊகம். அப்படியென்றால் அந்த மேசை இருக்கிறதா, இருந்தால் அது எப்படிப்பட்டது?

இந்த இடத்தில் நான் ரசிப்பது ரஸ்ஸல் செய்த ஒன்றை அல்ல, செய்யாமல் விட்டதை. முதல் அத்தியாயத்தில் பாதி தாண்டும்வரை ஒரு தத்துவவாதியின் பெயரும் கிடையாது. ‘ஐயவாதம்’, ‘அனுபவவாதம்’ என்று எந்த வாதமும் வந்து மிரட்டுவதில்லை. பெர்க்லி அத்தியாயத்துக்குள் வந்து சேரும்போது நாம் ஏற்கெனவே அவர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். அதனால் அவர் பாடத்திட்டத்தில் ஐந்தாவது அலகாகத் தெரிவதில்லை. நம் சந்தேகத்தை நமக்கு முன்பே பட்டவராகத் தெரிகிறார். “யோவ், உமக்குமா?” என்று கேட்கத் தோன்றுகிறது. பெயர் முதலில் வந்தால் அது தகவல். சிக்கல் முதலில் வந்து பெயர் பின்னால் வந்தால் அது துணை. எங்கள் வகுப்பில் புரட்டிப் போட்டிருந்த வரிசை இதுதான்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பூனை வருகிறது. அறையின் ஒரு மூலையில் இருந்த பூனை, நான் பார்க்காமல் இருந்த நேரத்துக்குப் பிறகு இன்னொரு மூலையில் இருக்கிறது. நடுவே அது நடந்து போயிருக்கிறது என்று நினைப்பதுதான் இயல்பு. ஆனால் பூனை என்பதே என் புலன் தரவுகளின் தொகுப்பு மட்டும் என்றால், நான் பார்க்காதபோது அது எங்கேயும் இல்லை. அப்படியானால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் அதற்கு எப்படிப் பசி எடுத்தது? இல்லாத பூனைக்குப் பசிக்குமா? நிறத்திட்டுக்குப் பசி உண்டா? முழு வாழ்க்கையும் கனவாக இருக்கலாம் என்பதில் தர்க்க முரண் ஒன்றுமில்லை என்று ரஸ்ஸல் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் பூனை நம்மைப் போலவே இருந்து, நடந்து, பசித்துக் கிடக்கிறது என்பது எளிமையான விளக்கம் என்கிறார். இது நிரூபணம் இல்லை. நிரூபணம் இல்லை என்று அவரே சொல்கிறார். நானறிந்த வகுப்பறை நோட்ஸ் எதிலும் இந்த ஒப்புதல் இருந்ததில்லை. அங்கே எல்லாமே ஒன்று நிரூபிக்கப்பட்டிருக்கும், அல்லது மறுக்கப்பட்டிருக்கும்.

3

ஆறாம் அத்தியாயம்தான் புத்தகத்தின் உச்சம் என்பது என் எண்ணம். கேள்வி மிகச் சின்னது. நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்று எப்படித் தெரியும்? இதுவரை உதித்திருக்கிறது, அதனால். சரி, இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்று எப்படித் தெரியும்? இதுவரை அப்படித்தான் இருந்திருக்கிறது, அதனால். இப்போது மாட்டிக்கொண்டோம். எதை நிறுவ வேண்டுமோ அதையே சாட்சிக்கு அழைக்கிறோம். ஹ்யூம் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த பள்ளம் இது. ரஸ்ஸல் இதற்கு ஒரு கோழியை உதாரணமாக்குகிறார். தினமும் தீவனம் போட்ட அதே கை ஒருநாள் அதன் கழுத்தைத் திருகுகிறது. இயற்கை ஒரே சீராகத்தான் இயங்கும் என்பதைப் பற்றிக் கோழிக்கு இன்னும் கொஞ்சம் நுட்பமான பார்வை இருந்திருக்கலாம் என்பது அவருடைய குறும்பு.

நம் ஊரில் கோழியைவிடக் கிடாதான் இதற்குப் பொருத்தம். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு மற்ற ஆடுகளுக்கு இல்லாத மரியாதை உண்டு. யாரும் அடிக்க மாட்டார்கள், அடுத்தவன் கொல்லையில் மேய்ந்தாலும் “சாமி கிடா, விடு” என்பார்கள். கிடாவின் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் நல்ல நாள். மாலை விழுகிற நாள்தான் இருப்பதிலேயே நல்ல நாள். அன்றைக்குத் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே பாருங்கள், இரண்டு தொகுத்தறிதல்கள் ஒன்றை ஒன்று சந்திக்கின்றன. கிடா தன் அனுபவத்திலிருந்து ஒன்றை ஊகித்திருக்கிறது. சுற்றி நிற்கும் கூட்டம் தண்ணீர் பட்ட தோலின் நடுக்கத்திலிருந்து இன்னொன்றை ஊகிக்கிறது. இரண்டுக்கும் பின்னால் ஏகப்பட்ட முன் உதாரணங்கள் இருக்கின்றன.

ஹ்யூமின் பள்ளம் புரிகிற கணம் இதுதான். அது ‘ஹ்யூமின் ஐயவாதம்’ என்ற தலைப்புக்குக் கீழே படித்தால் புரிவதில்லை. நான் கிடாவா, கூட்டமா என்று ஒரு நிமிடம் தெரியாமல் நிற்கும்போது புரிகிறது. ரஸ்ஸல் இந்தப் பள்ளத்தை மூடுவதில்லை. தொகுத்தறிதல் கொள்கையை அனுபவத்தால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது, ஆனால் அது இல்லாமல் அறிவியலும் இல்லை, அன்றாடமும் இல்லை என்று சொல்லி அதைப் பள்ளமாகவே விட்டுவிட்டு மேலே நடக்கிறார். பதினெட்டு வயதுக்காரனிடம் ‘எனக்கும் இதற்கு முழு விடை கிடைக்கவில்லை’ என்று சொல்கிற ஆசிரியர் அபூர்வம். அப்படிச் சொல்கிறவரை நம்பத் தோன்றுகிறது.

4

ஆனால் இதே புத்தகம் ஓரிடத்தில் நோட்ஸ் மாதிரி நடந்துகொள்கிறது. நான்காம் அத்தியாயம், கருத்துமுதல்வாதம். பெர்க்லியை அபத்தம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்ற நேர்மையான எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறார். அப்புறம் ஒரே ஒரு சொல் குழப்பத்தை எடுத்துக் காட்டி முடித்துவிடுகிறார். ‘மனதில் இருப்பது’ என்பதற்கு இரண்டு பொருள். ஒரு மரத்தை நான் நினைக்கும்போது என் மனதில் இருப்பது மரத்தைப் பற்றிய எண்ணம், மரம் இல்லை. இது நமக்குச் சட்டென்று விளங்கும். “நீங்க செஞ்ச உதவிய மனசுல வச்சிருக்கேன்” என்று ஒருவர் சொன்னால் உதவியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார் என்று யாரும் நினைப்பதில்லை. “உன்ன மனசுல வச்சுக்கிட்டுதான் சொன்னேன்” என்றால் ஆள் வெளியேதான் இருக்கிறார். பெர்க்லி இந்த இரண்டையும் கலந்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம் என்பது ரஸ்ஸலின் முடிவு.

அவ்வளவுதானா? பெர்க்லி 1710இல் எழுதிய நூலில் ஒரு சவால் இருக்கிறது. யாருமே பார்க்காத, யாருமே நினைக்காத ஒரு மரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். செய்துவிட்டீர்களா? இப்போது அதை நினைத்துக்கொண்டிருப்பது யார்? நீங்கள்தானே? அப்புறம் எப்படி அது யாரும் நினைக்காத மரம்? இதைப் படித்ததும் முதலில் சிரிப்பு வரும். இரண்டாவது தடவை வராது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்து, பார்த்ததும் ‘இதோ, பார்த்துவிட்டேனே’ என்று தோன்றும். ரஸ்ஸல் சொல்கிற எண்ணம், எண்ணப்படும் பொருள் என்ற பிரிவினையை வைத்து இதற்கும் பதில் சொல்ல முடியும், சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்த வாதத்துக்கு அவர் தனி இடம் தருவதில்லை. எதிராளியின் கத்தி எவ்வளவு கூர் என்று நாம் விரல் வைத்துப் பார்ப்பதற்குள் அதை உறையில் போட்டுவிடுகிறார். மேசைக்கும் பூனைக்கும் கொடுத்த அவகாசம் பெர்க்லிக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. தலைப்பு ‘மெய்யியலின் சிக்கல்கள்’. உள்ளே இருப்பது பெரும்பாலும் அறிவின் சிக்கல்கள். உறுதியாகவும் ஆக்கபூர்வமாகவும் ஏதாவது சொல்ல முடிகிற சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்னுரையில் சொல்லிவிடுகிறார். நியாயம்தான். ஆனால் பதினைந்து அத்தியாயத்தில் ‘நான் என்ன செய்ய வேண்டும்?’ என்ற கேள்விக்கென்று ஓர் அத்தியாயம்கூட இல்லை. இதை எழுதிய மனிதரை 1916இல், முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்குத் தண்டனை பெற்றார் என்பதற்காக, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி விரிவுரையாளர் பதவியிலிருந்து நீக்கியது. 1918இல் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்தார். தன் வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைக்கும் அளவுக்கு அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி எதுவோ, அந்த வகைக் கேள்விக்குத் தன் அறிமுக நூலில் அவர் நாற்காலி போடவில்லை. மேசையின் நிறத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தவர், அரசின் கட்டளையைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுப்பதை வேறு புத்தகங்களுக்கு ஒத்திவைத்தார்.

5

இங்கேதான் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வருகிறாள். ‘நம்ம கிட்டயும் இருக்கு’ என்று மார்தட்டுவதற்காக இல்லை. இருபத்தேழாவது காதையான ‘சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை’, அமைப்பில் அப்படியே ஒரு முதலாண்டு மெய்யியல் வகுப்பு. வஞ்சி நகரில் மணிமேகலை துறவி வேடத்தில் ஒவ்வொரு வாதியிடமும் போய் “உங்கள் கொள்கை என்ன?” என்று கேட்கிறாள். அளவைவாதியில் தொடங்கி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பத்துப் பேர். முதல் ஆளே அறிவுக்கு எத்தனை வழிகள் என்று வியாசர், கிருதகோடி, சைமினி ஆகியோரின் கணக்கை வைத்துப் பத்து, எட்டு, ஆறு என்று பட்டியல் போடுகிறார். தமிழிலக்கியம் படிக்கிற மாணவர்கள் இந்தக் காதைக்கு வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடுவது எனக்குத் தெரியும். கதை நின்றுபோய்விட்டது, பாடம் ஆரம்பித்துவிட்டது என்ற அலுப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் எங்கள் செமஸ்டர்தான். ஆளுக்கு ஒரு பத்தி, அடுத்த ஆள்.

ஆனால் இரண்டு வித்தியாசங்கள் இருக்கின்றன. ஒன்று, பத்தில் பெரும்பாலானவர்களை அவள் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள். குறைபாடுகளுக்கு எண் போட்டுக்கொண்டு நிற்பதில்லை. கடைசியில் பூதவாதியிடம்தான் நிற்கிறாள். கண்ணால் காண்பது மட்டுமே அறிவு, இம்மையோடு எல்லாம் முடிந்தது என்பது அவன் கொள்கை. அவள் தன் முற்பிறப்பை அறிந்திருப்பதைச் சொன்னதும், அது தெய்வ மயக்கம் அல்லது கனவு அல்லது மனப்பிறழ்வு என்கிறான். அவள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி. உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

இந்தக் கேள்வி முற்பிறப்பை நிரூபிக்கிறதா? இல்லை. இன்றைய வாசகர் அந்த இடத்தில் பூதவாதியின் பக்கம் நிற்கலாம். நானும் நிற்பேன். ஆனால் கேள்வி குறிபார்த்து விழுகிற இடத்தைப் பாருங்கள். ‘காட்சி மட்டுமே அறிவு’ என்று சொல்கிறவனிடம், அவன் ஒருபோதும் சந்தேகித்திராத, சந்தேகித்தால் உயிர் போகிற ஒன்றை எடுத்து, ‘இதை நீ பார்த்தாயா?’ என்கிறாள். அவன் கொள்கையை அவன் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறாள். ரஸ்ஸலின் பூனையும் இதையேதான் செய்தது. நல்ல மெய்யியல் கேள்வி எப்போதும் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருளைத்தான் தொட்டுக் காட்டும். அது மேசையாக இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியம். இந்த வகுப்புக்கு வருவதற்கு முன்பே மணிமேகலையிடம் ஒரு கேள்வி இருக்கிறது. உதயகுமரன் வெட்டுப்பட்டுச் செத்திருக்கிறான், அவன் சாவுக்கு அவள் காரணம் என்று சிறையில் இருந்திருக்கிறாள், பசித்தவர்களுக்கு அமுதசுரபியோடு சோறு போட்டிருக்கிறாள், சிறைக்கூடத்தை அறக்கோட்டமாக மாற்றியிருக்கிறாள். பசி ஏன், பிறப்பு ஏன், நேசித்தவன் செத்ததில் என் பங்கு என்ன என்ற பாரத்தோடு வருகிறவளுக்கு அளவைகள் எத்தனை என்பது வறட்டுப் பாடமாக இருக்க முடியாது. எதை வைத்து எதை நம்புவது என்பது அவளுக்கு வாழ்வுப் பிரச்சினை. ரஸ்ஸல் நாற்காலி போடாத கேள்வியோடுதான் அவள் உள்ளேயே வருகிறாள்.

ஆர். சிவகுமார் மொழிபெயர்ப்பில் தமிழில் வந்த யொஸ்டைன் கார்டெரின் ‘சோஃபியின் உலகம்’ நாவலை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நம்மில் பலர் தத்துவத்துக்குள் வந்த வாசல் அது. தபால் பெட்டியில் ‘நீ யார்?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு தொடங்கும் அபாரமான திறப்பு. ஆனால் போகப் போக ஆல்பர்ட்டோ பேசுகிறார், சோஃபி ‘மேலே சொல்லுங்கள்’ என்கிறாள். பதினைந்தாவது பிறந்தநாளை நெருங்கும் அந்தப் பெண் ஒரு தத்துவவாதியோடும் உண்மையாகச் சண்டை போடுவதில்லை. நாவலின் பின்பாதியில், தான் இருப்பதே சந்தேகத்துக்குள்ளாகும்போதுதான் அவளுக்குத் தன் கேள்வி கிடைக்கிறது. அந்த இடத்தில்தான் புத்தகமும் உயிர்பெறுகிறது. மாணவருக்கு ஏதாவது பணயம் இருந்தால்தான் பாடம் பிடிக்கும் என்பதற்கு அந்த நாவலே சாட்சி.

இதே சென்னையில் இதற்கு வரலாற்று உதாரணமும் உண்டு. ராதாகிருஷ்ணன் மெய்யியல் படித்தது திட்டமிட்டு அல்ல. கையில் காசில்லாத மாணவர், ஏற்கெனவே படித்து முடித்த உறவுக்காரர் ஒருவரின் பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன, அந்தப் பாடத்தை எடுத்தார். ஆனால் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில், தான் வளர்ந்த மதத்தின் மீது வைக்கப்பட்ட விமர்சனங்கள் அவரைக் குத்தின. தன் மரபில் எது உயிரோடிருக்கிறது, எது செத்துவிட்டது என்று தேட அந்த விமர்சனம்தான் தன்னைத் தள்ளியது என்று பின்னாளில் எழுதினார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அது 1908இல் நூலாக வந்தது. அவருடைய முடிவுகளோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. எனக்கு நிறைய இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஆனால் இலவசப் புத்தகத்தில் தொடங்கிய படிப்பு ஒரு காயத்தில்தான் மெய்யியலாக மாறியது.

6

ரஸ்ஸலின் கடைசி அத்தியாயம், மெய்யியலால் என்ன பயன் என்பது. ‘இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?’ என்று வீட்டில் கேட்கப்படும் கேள்விக்கு ஓர் ஆங்கிலப் பிரபு வீட்டுப் பிள்ளை எழுதிய பதில். மெய்யியலின் மதிப்பு அதன் விடைகளில் இல்லை, நிச்சயமின்மையில் இருக்கிறது என்கிறார். அதன் வாசனையே படாதவர் தன் காலமும் நாடும் பழக்கமும் கொடுத்த நம்பிக்கைகளுக்குள் சிறைப்பட்டு வாழ்ந்து முடிக்கிறார் என்கிறார். அழகான அத்தியாயம். அவருடைய மாணவராக அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த விட்கென்ஸ்டைனுக்கு இது பிடிக்கவில்லை. மெய்யியல் பிடித்தவர்கள் செய்வார்கள், பிடிக்காதவர்கள் செய்யமாட்டார்கள், இதில் விளம்பரம் செய்ய என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

இந்த விஷயத்தில் நான் ரஸ்ஸல் கட்சி. காரணம், நம் சூழல். நமக்கு வாதம் என்றால் பட்டிமன்றம்தான். அந்தச் சொல்லுக்குப் பழைய பெருமை உண்டு. மணிமேகலையின் முதல் காதையிலேயே சமயவாதிகள் முறையறிந்து ஏற வேண்டிய மேடையாகப் பட்டிமண்டபம் வருகிறது. இன்றைய பட்டிமன்றத்தில் அணி முதலிலேயே பிரிந்துவிடுகிறது. பேச்சாளர் எந்தப் பக்கம் என்பதை அமைப்பாளர் முடிவுசெய்கிறார். கைத்தட்டலுக்கு நகைச்சுவை போதும். பொங்கலன்று தொலைக்காட்சியில் பார்க்க அது சுகம்தான், நானும் பார்க்கிறேன். சிக்கல் என்னவென்றால், இணையத்தில் நாம் நடத்தும் சண்டைகள் எல்லாம் அதே வடிவத்துக்கு வந்துவிட்டன. அறிமுக மெய்யியல் கொஞ்சம் படித்தவர்கள் இன்னும் மோசம். எதிராளி வாயைத் திறந்ததும் ‘இது ஸ்ட்ராமேன்’, ‘அது அட் ஹோமினெம்’ என்று போலிகளின் பெயரை எடுத்து வீசுகிறோம். ‘குறைபாடுகள்: 1, 2, 3’ என்ற அந்த அரைப் பக்கம்தான் இப்படி நம் கையில் கல்லாக மாறியிருக்கிறது.

இதற்கு மாற்றாக ஒரு பயிற்சி நம் மரபிலேயே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதி. தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், பிறருடைய கொள்கைகளுக்கென்றே பரபக்கம் முழுவதும். உலகாயதன், பௌத்தத்தின் நான்கு பிரிவினர் எனத் தொடங்கி ஒவ்வொருவருக்கும் முதலில் ‘மதம்’, அப்புறம் ‘மறுதலை’. முதலில் அவன் பேச வேண்டும், அவன் குரலில் பேச வேண்டும். உலகாயதன் பேசுகிற பாடல்களில் இருக்கிற உற்சாகத்தைப் பார்த்தால், எழுதியவர் ஒரு நிமிடமாவது அவன் தோலுக்குள் போய்விட்டு வந்திருக்கிறார் என்று தோன்றும். மறுதலை எவ்வளவு நியாயமானது என்பது வேறு விவாதம். எதிராளிக்கு முதலில் நாற்காலி போட வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது.

முதலாண்டு மெய்யியல் தாளைத் திருத்தி எழுதும் அதிகாரம் என்னிடம் இருந்தால் நான் மாற்றுவது வினாத்தாளை மட்டும்தான். ‘விளக்கி மதிப்பிடுக’ என்பதை எடுத்துவிடுவேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி. உனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லாத ஒரு கருத்தை எடுத்துக்கொள். கடவுள் உண்டு என்பதோ இல்லை என்பதோ, இட ஒதுக்கீடு வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ, எதுவானாலும் சரி. அந்தக் கருத்துக்காரர் படித்துப் பார்த்து ‘ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான், என்னைவிட நல்லாச் சொல்லிட்ட’ என்று சொல்லும்படி இரண்டு பக்கம் எழுது. மறுப்பு எழுத வேண்டாம். மறுப்புக்கு மதிப்பெண் கிடையாது.

எழுதிப் பாருங்கள், கை நடுங்கும். இரண்டாவது பக்கம் முடிவதற்குள் ‘ஒருவேளை இது சரியோ?’ என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் கேட்டவருக்கு மேசை, பூனை, கோழி, கிடா எல்லாம் தானாகப் புரியும். அதற்குப் பிறகு அவர் மறுக்கட்டும். அப்படி வருகிற மறுப்பில் ஏற்கெனவே ஒரு மனிதர் இருப்பார்.